பால் பஞ்சாயத்து

“பாலை எடுத்தது யாருன்னு இப்பவே ஒத்துக்கிட்டா அந்தப் பொண்ணு ஊருக்குப் போகாம இருப்பா. இல்லேன்னா நம்ம மூணு பேர் மூஞ்சியிலயும் கரிதான்.”

ஃபிலிப்பா சட்டம் படிப்பவள். அதனால் நீதிபதி வேலையை யாரும் கேட்காமலேயே எடுத்துக்கொண்டாள். எதிரே டங்கனும் நைஜலும் மேசையை உற்றுப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். லீட்ஸ் நகரத்தில் அவர்கள் மூவரும் வாடகைக்கு இருந்த வீட்டின் சமையலறை அது. காலியாக இருந்த நான்காவது அறைக்கு, ஒரே ஒரு செமஸ்டர் மட்டும் படித்துவிட்டுப் போக, ஸ்பெயினிலிருந்து நூரியா வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. கடைசி மூன்று வாரமாக அவள் ஃப்ரிட்ஜில் வைக்கும் பால் தினமும் காணாமல் போனது.

முதல் நாள் அவள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டினாள்: ‘என் பால் எங்கே?’

மறுநாள் அதன் கீழே மூன்று சீட்டுகள் இருந்தன. ‘கேட்கவே வருத்தமாக இருக்கிறது – ஃபிலிப்பா.’ ‘மிகவும் வருத்தம் – டங்கன்.’ ‘மேலே உள்ள இருவர் சொன்னதே – நைஜல்.’

இப்படியே எழுதி எழுதி, இன்று காலை கதவில் இடம் தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் பேச வேண்டியதாயிற்று.

நூரியா கோட்டு மாட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். கையில் ஒரு படிவம். படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்புகிறேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். ஐந்து மணிக்கு அலுவலகம் மூடுவதற்குள் கொடுக்க வேண்டும். இப்போது மணி நாலேகால்.

“உக்காருங்க நூரியா,” என்றாள் ஃபிலிப்பா. “வெளியில மழை போல.”

“என் ரூம்லயும் ஜன்னல் இருக்கு.”

“சாரி,” என்றான் டங்கன், மழையின் சார்பாக.

“பாலுக்காக ஊருக்கே போறதுன்னா கொஞ்சம்...” என்று நைஜல் இழுத்தான்.

“பாலுக்காகன்னு யாரு சொன்னா? ஆறு வாரமாச்சு. எங்கம்மா பேரு என்ன, எனக்கு எத்தன அண்ணன், ஏதாவது ஒண்ணு கேட்டிருக்கீங்களா? எங்க ஊர்ல பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்க இறங்கறதுக்குள்ள குடும்பக் கதை முழுக்க வாங்கிடுவாங்க. இங்க நான் மாடிப்படி ஏறினா நைஜல் பாத்ரூமுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கறாரு!”

“ஒளியல. வழி விட்டேன்.”

“இருபது நிமிஷமா?”

அந்த மூவரும் மழையைத் தாங்குவார்கள். டங்கன் சமைத்த பீன்ஸைக்கூடத் தாங்குவார்கள். கண்ணெதிரே ஒருத்தி மனம் நொந்து நிற்பதை மட்டும் தாங்கத் தெரியாது.

டங்கன்தான் முதலில் உடைந்தான். “நான்தான் எடுத்தேன். சாரி. டீ போடறப்ப கை தானா போயிடுச்சு.”

“திருட்டுப் பயலே!” என்றாள் ஃபிலிப்பா. அடுத்த நொடி அவள் கழுத்து வரை சிவந்தது. “இல்ல... இவன் தலையில மட்டும் கட்டறது நியாயமில்ல. நானும் எடுத்தேன். கார்ன்ஃப்ளேக்ஸுக்கு.”

“நீதிபதியே திருடியா!” என்று நைஜல் மேசையைத் தட்டிச் சிரித்தான். இரண்டு பேரும் அவனையே பார்த்தார்கள். சிரிப்பு மெல்ல வடிந்தது. “சரி, சரி. நானும்தான். டம்ளர்ல கூட ஊத்தல. அப்படியே பாட்டில்ல வாய் வெச்சு.”

“சீ! அதைத்தானேடா நான் குடிச்சேன்!” என்று ஃபிலிப்பா வாயைத் துடைத்தாள்.

நூரியா மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். பிறகு சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்தபடி நாற்காலியில் விழுந்தாள்.

“தண்டனையைச் சொல்லிடு, நூரியா,” என்றான் டங்கன். “மனசு ஆறட்டும்.”

“ஆளுக்கு ஒரு நாள் எனக்குச் சமைச்சுப் போடணும். சாப்பிடறப்ப பேசணும். மழையைப் பத்திப் பேசினா இன்னொரு நாள் கூடும்.”

“செத்தோம்,” என்றான் நைஜல். “சரி, உங்கம்மா பேரு என்ன?”

“பிலார்.”

“எத்தன அண்ணன்?” என்றான் டங்கன்.

“ரெண்டு பேரு. போன வருஷம் வரைக்கும் மூணு.”

அந்த வீட்டில் முதல் முறையாக யாரும் சாரி சொல்லவில்லை. டங்கன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான். “எப்படி இருப்பான்?”

“உன்ன மாதிரிதான்டா. இதே திருட்டு முழி.”

அவள் பேசினாள். கோட்டு நாற்காலி முதுகுக்குப் போனது. படிவம் நாலாக மடிந்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அடியில் போனது. மணி ஐந்தானதை ஒருவரும் கவனிக்கவில்லை.

“டீ போடறேன், இருடி,” என்று எழுந்த ஃபிலிப்பா ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தாள். “அடப் பாவிகளா! இன்னிக்கும் இவ பால் பாட்டில் காலிடா!”

“சாரி!” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

நூரியாவும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் ஒன்று மட்டும் அவளுக்கு விளங்கவே இல்லை. யாராவது வந்து சண்டையாவது போடட்டும் என்று, மூன்று வாரமாக தினமும் காலையில், மற்றவர்கள் எழுவதற்குள் புதுப் பால் வாங்கி வந்து, அதை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டு, காலிப் பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்தவள் அவள்தான்; அப்படியானால் இந்த மூன்று பேரும் எந்தப் பாலைக் குடித்ததாக ஒத்துக்கொண்டார்கள்?