முட்டைக்குக் காவல்

"ராணி, அந்த மிக்ஸியை நிறுத்து! முட்டை போயிடும்!"

ஞானராஜ் கூடத்திலிருந்து போட்ட கூச்சலில், ஆரோக்கிய ராணி தேங்காய்ச் சட்னியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தாள். "எந்த முட்டை? நான் இன்னும் முட்டையே வாங்கலியே?"

"நம்ம சிக்லிட் மீன் முட்டை போட்டிருக்குடி. தொட்டியில பாரு. கிட்டப் போவாத, தள்ளி நின்னு பாரு."

மீன்தொட்டியின் மூலையில் படுக்க வைத்திருந்த மண்சட்டிக்குள், வெளிறிய பொட்டுகளாக நாற்பது ஐம்பது ஒட்டிக்கொண்டிருந்தன. உடம்பெல்லாம் கோடு போட்ட இரண்டு மீன்களும் எதிரே விறைப்பாக நின்றன. ரிட்டையரான கையோடு ஞானராஜ் சிதம்பரத்தில் வாங்கி வந்த ஜோடி அது. தண்ணீர் மாற்றுவதென்ன, புழு வாங்கிப் போடுவதென்ன! அதுகளுக்கு அவர் செய்த சேவகத்தில் கால்வாசிகூடக் கட்டின பெண்டாட்டிக்குச் செய்ததில்லை என்று கடலூர் முழுக்க ராணி சொல்லி வைத்திருந்தாள்.

"சத்தம் கேட்டா பயந்துபோயி, தான் போட்ட முட்டையைத் தானே தின்னுடும். ஞாயித்துக்கிழமை தாண்டிட்டா குஞ்சுங்க நீந்த ஆரம்பிச்சிடும். அது வரைக்கும் இந்த வீட்ல டிவி கிடையாது, மிக்ஸி கிடையாது, ஸ்பீக்கர்ல போன் கிடையாது."

"என்னாங்க இது அநியாயமா இருக்கு? சீரியல்ல பால்ல விஷத்தக் கலந்து வெச்சிருக்காங்க. இன்னிக்குத்தான் குடிக்கப் போறா!"

"ஆறு நாள் கழிச்சுப் பார்த்தாலும் கையில டம்ளரோடதான் நிப்பா. போ."

மனுஷன் அதோடு விட்டாரா? தொட்டியைச் சுற்றிப் பழைய வேட்டியைத் தொங்கவிட்டார். ஓர் ஆள் அசையாமல் பக்கத்திலேயே இருந்தால்தான் மீனுக்குப் பயம் தெளியுமாம். மருமகள் சிந்தியாவைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"அவ உக்காந்துட்டா அடுப்பை யாரு பாக்கறது?" என்றாள் ராணி.

"அப்ப நீ உக்காரு. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பேசக் கூடாது."

ராணி ஒரு கணம் யோசித்தாள். "நானே சமைக்கறேன்."

சிந்தியாவுக்குத்தான் உதறல். குவைத்தில் இருக்கும் புருஷன் ஆன்டோ போன் செய்தால்கூட எடுக்காமல், கையில் புத்தகத்தோடு சிலையாக உட்கார்ந்திருந்தாள். "மாமா, என் கண்ணு முன்னாடியே தின்னுடுச்சின்னா நான் என்ன பண்றது?"

"நீ எழுந்திரிக்காம இரு, போதும். தின்னாது."

இரண்டு நாள் முணுமுணுத்த ராணிக்கு, மூன்றாம் நாள் அந்த முட்டைகள் மேல் எங்கிருந்துதான் பாசம் வந்ததோ! பண்ருட்டியிலிருந்து தம்பி போன் செய்தான். பலாப்பழத்தோடு குடும்பமாக வருகிறானாம், நாலு பிள்ளைகளும் கூட.

"இப்ப வராதடா," என்றாள் கிசுகிசுப்பாக. "வீட்ல பிரசவம் ஆகியிருக்கு."

"யாருக்குக்கா?"

"மீனுக்கு."

அடுத்த நாள் பழைய இரும்பு வாங்குகிற ஆட்டோ ஒலிபெருக்கியை அலறவிட்டுக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தது. ராணி கரண்டியோடு பாய்ந்து போய் மறித்தாள். "யோவ், அணைய்யா அதை! உள்ள பச்ச உடம்பு படுத்திருக்கு!"

பாவம், அவன் பதறிப்போய் அணைத்தான். "மன்னிச்சிக்கம்மா. என்ன கொழந்தை?"

"என்ன கொழந்தைன்னு தெரியல. அம்பது இருக்கும்."

அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டே தெருவைக் கடந்தான்.

சனிக்கிழமை அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தியும் ஏற்றியாகிவிட்டது. ஞாயிறு காலையில் சிந்தியா புடவை கட்டிக்கொண்டு பையோடு கிளம்பியபோது ராணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எங்கடி கிளம்பிட்ட?"

"அண்ணாமலை நகருக்கு, அத்தை. குரூப் டூ பரீட்சை."

"இன்னிக்குத்தான் அது வரணுமா? குஞ்சு வர்ற நாளும் அதுவுமா!"

"நான் காவல் இருக்கறேன். நீ போயிட்டு வாம்மா," என்றார் ஞானராஜ்.

சாயங்காலம் சிந்தியா பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனைக்கு வரும்போதே டிவி சத்தம் கேட்டது. ஓடி வந்தாள். "அத்தை! டிவியை அணைங்க! முட்டை!"

"முட்டையாவது ஒண்ணாவது. நீ பஸ் ஏறி அரை மணி நேரம்கூட ஆவல, ரெண்டும் சேர்ந்து மொத்தத்தையும் முழுங்கிடுச்சாம். உன் மாமாதான் பார்த்தாரு. பாவிங்க! பெத்த வயித்துக்கு ஈரம் வேணாம்?" ராணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுதேயிருக்கிறாள்.

சிந்தியாவுக்கும் அழுகை வந்தது. பரீட்சையை அத்தனை நன்றாக எழுதியிருந்தாள். கேட்ட கேள்வியெல்லாம் படித்ததுதான். அந்தச் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. ஆசை ஆசையாக வளர்த்த மாமா எப்படித் தாங்குவார்?

அவர் கொல்லைக் குழாயடியில் குந்தியிருந்தார். வாயில் ஏதோ பாட்டு. மடியில் மீன்தொட்டி மண்சட்டி, கையில் கத்தி. சுரண்டச் சுரண்ட, பொட்டுப் பொட்டாக முட்டைகள் கீழே தெறித்தன. சிந்தியா ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது.

"மாமா, இது... பைப்பு ஒழுகினா அடைக்கிற எம்-சீல் இல்ல?"

"உஷ்! மெதுவா பேசும்மா, அத்தை காதுல விழப் போவுது," என்றார் ஞானராஜ். "ரெண்டும் ஆம்பள மீனு, அதுங்க எங்கேர்ந்து முட்டை போடறது? நீ மெயின் பரீட்சை எந்த மாசம்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிடு, இத்தனையும் உருட்டி ஒட்டறதுக்கு ரெண்டு நாள் புடிக்குது."