பதினாறு படிகள்

வெள்ளம் வந்தால் ஊர் மக்கள் ஏறி நிற்பதற்காக ஆற்றங்கரைப் பூங்காவில் கூரை போட்ட உயரமான மேடை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அதற்கு வரைபடம் வரைந்தவள் ஜெசிந்தா. கட்டி முடித்த மூன்றாம் வருட மழையில் ஆறு கரையை உடைத்தபோது, மேடை தாங்குமா என்ற பதைப்பில் அவளே ஓடிவந்து ஏறி நின்றாள். தாங்கியது. இருநூறு பேர் கூரையின் கீழ் பத்திரமாக இருந்தார்கள்.

கடைசியாக வந்தவர் பூங்கா வாசலில் பூட்டு ரிப்பேர் பார்க்கும் தணிகாசலம். கால்கள் விளங்காத அவர், மூன்று சக்கர வண்டியைப் பதினாறு படிகளில் முதல் படிவரை உருட்டி வந்து நின்றுவிட்டார். தண்ணீர் மடிவரை ஏறிய பிறகுதான் மேலே இருந்தவர்கள் கவனித்தார்கள். நாலு பேர் இறங்கித் தூக்கிவந்து, ஜெசிந்தாவின் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். கட்டுமான வேலை நடந்த நாளெல்லாம் அவள் அவரைக் கடந்துதான் போய்வந்தாள். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

“நல்ல மேடைம்மா,” என்றார் வேட்டியைப் பிழிந்தபடி. “ஓரமா ஒரு சாய்வுப் பாதை விட்டிருக்கலாம். மறந்துட்டாங்க போல.”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

“மறக்கலைங்க,” என்றாள் ஜெசிந்தா. “வரைஞ்சிருந்தேன். படி ஒரே வரிசையா இருந்தா எடுப்பா இருக்கும்னு நான்தான் அழிச்சேன்.”

தணிகாசலம் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கீழே அவருடைய வண்டி தண்ணீரில் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

“அப்ப நான் எப்படி ஏறுவேன்னு நெனச்சீங்க?”

குரலில் கோபமே இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பதுபோலத்தான் கேட்டார்.