குழாய்க்கு ஒரு துண்டு ரொட்டி

ரம்பத்தைச் செம்புக் குழாயின் மேல் வைத்தேன். குழாய் வேலையில் எனக்கு இருபது வருடம்.

அல்சூரில் பவுலின் என்ற அம்மாளின் வீட்டுக் குளியலறை. வெடித்துப் பிளந்த பாய்லரை முந்தாநாளே தூக்கிப் போட்டுவிட்டார்கள். சுவரில் நின்ற பழைய ஆவிக்குழாயை அறுத்தெடுக்கத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். விறகு எரிந்து தண்ணீர் கொதிக்கும்போது, ஆவி கூரைக்கு மேலே போக இருந்த ஒரே வழி அது.

பவுலின் அம்மாள் குளியலறைப் படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பற்றி, கோவிந்தப்பா வேலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருப்பவர். மகள் ஜூடித்தை அடக்கம் செய்து ஒன்பது நாள் ஆகிறது.

"ஜொரம் வுட்டு அன்னிக்குத்தான் தலைக்கு ஊத்திக்கப் போனா கோவிந்தப்பா. நல்லா சுடட்டும்னு நான்தான் ரெண்டு கட்டை ஜாஸ்தி வெச்சேன். பெத்த பொண்ண நானே கொன்னுட்டேன்."

போலீஸ்காரரும் அந்த இரண்டு கட்டையைத்தான் சொன்னார், பாதிரியாரும் அதைத்தான் சொன்னார். எல்லோருக்கும் அது போதுமாக இருந்தது.

செம்பு மெத்தென்ற உலோகம். அவசரப்பட்டால் வாய் நசுங்கிவிடும். மெதுவாக அறுத்தேன். குழாய் இரண்டாயிற்று. பிசிறு தேய்க்க அரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே பார்த்தேன்.

பச்சைக் கட்டம்.

என் பழைய லுங்கியின் கிழிசல். ஊறி, உப்பி, தக்கை மாதிரி இறுகிக் கிடந்தது.

போன மாதம் இந்தக் குழாயின் ஒழுகிய இணைப்பை ஈயம் வைத்துப் பற்றவைத்தது நான்தான். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஈயம் பிடிக்காது. அதனால் ஒரு துண்டு ரொட்டியைத் திணித்துத் தண்ணீரை நிறுத்துவோம். வேலை முடிந்தபின் ரொட்டி தானே கரைந்து போய்விடும்.

அன்று நான் ரொட்டிக்குப் பதில் திணித்த துணி கரையாது. கூரைமேல் ஏறிக் கம்பி விட்டு இழுத்துவிடலாம் என்று நினைத்தேன். மழை பிடித்துக்கொண்டது, ஓடு வழுக்கியது. மறுநாள் வேறு வீட்டு வேலை வந்தது, மறந்தே போனேன். சின்ன நெருப்புக்கெல்லாம் பாய்லர் எப்படியோ தாங்கியிருக்கிறது.

வெடித்த சேதி வந்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது. துணி அங்கே இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே இன்று அறுத்தேன். பாவி நான்.

கிழிசலை நெம்பி எடுத்து மடியில் செருகிக்கொண்டேன். சொன்னால் ஜெயில். வீட்டில் மூன்று வயிறு. ஆனால் ஒரு வார்த்தை சொன்னால் இந்த அம்மாளின் பாரம் இறங்கிவிடும். வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவர் எழுந்து உள்ளே போய், ஒரு பீங்கான் தட்டோடு வந்தார்.

"இந்தாப்பா, கொழாய்க்கு ரொட்டி."

போன மாதம் பற்றவைத்த அன்றைக்கும் இதே தட்டு, இதே போல ஒரு துண்டு. எங்கள் வீட்டில் ரேஷன் அரிசி தீர்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பசி வந்தால் பத்தும் பறக்கும்.

அன்று அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் நான் அதைத் தின்றுவிட்டேன்.