யாரோடு ஒப்பிடுவது?

"சந்தை திறக்கறதுக்குள்ள அனுப்பிடுவியா, இல்ல வேற ஆளைப் பார்க்கட்டுமா?" என்று கதவைப் பிடித்தபடி கேட்டுவிட்டுப் போனார் மேனேஜர் அம்மா.

பங்கு ஆய்வாளனுக்குக் கை ஓடவில்லை. அறிக்கையில் 'விற்கலாம்' என்று போட்டால் அண்ணன் வேலைக்கு உலை வைத்தாயிற்று. 'வாங்கலாம்' என்று போட்டால் அது பச்சைப் பொய்.

வளரும் நாடுகளில் இணைய இணைப்பு தரும் ஆறு கம்பெனிகளை அவன் ஒப்பிட்டிருந்தான். லாபத்தைப் போல எத்தனை மடங்கு பங்கு விலை என்பதுதான் கணக்கு. ஐந்து கம்பெனிகள் பத்து, பன்னிரண்டில் நிற்க, அண்ணன் வேலை பார்க்கும் கம்பெனி மட்டும் இருபதில் ஏறி உட்கார்ந்திருந்தது; அந்த விலை பெறாத பங்கு. பங்கு சரிந்தால் முதலாளி முதலில் ஆட்களைத்தான் கழிப்பார்.

அண்ணன் அங்கே இருப்பதைப் பற்றி ஆபீசில் அவன் மூச்சு விட்டதில்லை. போன வாரம் அண்ணி போனில் சொன்னது வேறு மனதைக் குடைந்தது.

"வீட்டுப் பத்திரத்தை பேங்க்ல வச்சிட்டார் தம்பி. எதுக்குன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறார். எப்பப் பாரு ஆபீஸ் ஆளுங்களோட குசுகுசுன்னு பேச்சு."

சம்பளமே வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். இவனைக் காலேஜில் சேர்க்கத் தன் பைக்கை விற்றுவிட்டு பஸ்ஸில் தொங்கியவர் அண்ணன்.

இந்தத் தொழிலில் பொய் சொல்ல ஒரு எண்ணைக்கூட மாற்ற வேண்டியதில்லை. குண்டான ஆள் பக்கத்தில் நிறுத்தினால் யாரும் ஒல்லிதான். ஐந்து கம்பெனிகளையும் தூக்கிவிட்டு, முப்பது, நாற்பது மடங்கில் பறக்கும் வேறு ஐந்தைக் கொண்டுவந்து உட்கார வைத்தான். இருபது மடங்கு சட்டென்று சல்லிசாகத் தெரிந்தது.

மேனேஜர் அம்மா படிப்பது கடைசி வரியை மட்டும்தான். அதில் 'வாங்கலாம்' என்று அடித்து, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினான்.

மதியத்துக்குள் அந்தப் பங்கு கிடுகிடுவென்று ஏறியது. ஆபீசே பாராட்டியது. அவனுக்கு வெட்கமாக இருந்தது, அண்ணன் பிழைத்தார் என்று நிம்மதியாகவும் இருந்தது.

சாயங்காலம் வாசலில் அண்ணனே நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அந்த ரிப்போர்ட் நீ எழுதினதா?"

"உங்களுக்காகத்தான் அண்ணே. உங்க வேலைக்கு எதுவும் ஆயிடக்கூடாதுன்னு..."

அண்ணன் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "நாளைக்குக் கையெழுத்துடா. அன்னிக்கு மார்க்கெட் விலை என்னவோ அதைக் கொடுக்கறதா முதலாளியோட பேச்சு."

"என்ன கையெழுத்து அண்ணே?"

"கம்பெனியை வாங்கப்போறதே அங்க வேலை பார்க்கற நாங்கதான்டா."