ஒரு பிடி மண் குறைந்தது

செங்கானி என்ற வயல் எலிக்கு நிறைமாதம். நாலு நாளில் குட்டிகள் வந்துவிடும், வளை இன்னும் அமையவில்லை. அவள் புருஷன் மொட்டையன் குளத்தங்கரையில் ஒரு இடம் பார்த்து வைத்திருந்தான்.

"தொட்டா பூ மாதிரி உதிருது புள்ள. அரை நாள்ல வளை பறிச்சிடலாம்!"

செங்கானி எதற்கும் இருக்கட்டும் என்று, மண்ணைச் சோதிக்க ஒரு குழி தோண்டி, எடுத்த மண்ணையே திரும்பப் போட்டு மிதித்தாள். குழி நிறையவில்லை.

"ஒரு பிடி குறையுது மாமா. இந்த மண்ணுக்குப் பிடிமானம் இல்ல. வேற இடம் பாக்கலாம்."

மொட்டையன் அவள் மூஞ்சியை உற்றுப் பார்த்தான். மீசையெல்லாம் மண். "குறையாம என்ன செய்யும்? தோண்டத் தோண்டத் தின்னிருக்கியே!"

செங்கானிக்கு வெட்கமாகப் போய்விட்டது. மசக்கை நாளிலிருந்தே அவளுக்கு மண் என்றால் உயிர். "கொஞ்சந்தான் தின்னேன். நீங்களே தோண்டிப் பாருங்க, நான் வாயைப் பொத்திக்கிறேன்."

அவன் தோண்டினான், மூடினான். அப்போதும் ஒரு பிடி குறைந்தது. முனகிக்கொண்டே மேட்டுக்குப் போய் அங்கேயும் தோண்டினான். நகமெல்லாம் தேய்ந்தது. ஆனால் திரும்பப் போட்ட மண் குழியை நிறைத்து, மேலே குவிந்தும் நின்றது. அங்கேயே வளை பறித்தான்.

மூன்றாம் நாள் மழை கொட்டியது. கரையில் அவன் பார்த்த இடம் அப்படியே சரிந்து குளத்துக்குள் போனது. மேட்டு வளைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எட்டிப் பார்த்த மொட்டையன் பெருமூச்சு விட்டான்.

பிறகு வாசலில் குவிந்திருந்த மண்ணில் ஒரு பிடி அள்ளி வந்து அவளிடம் நீட்டினான்.

"இந்தா புள்ள, தின்னு. இது கூடுதலா வந்ததுதான்."