கை தூக்கினால் நிறுத்துவேன்

“வலிச்சா இடது கையைத் தூக்கு கண்ணு. உடனே நிறுத்திடுவேன்” என்றார் பல் டாக்டர்.

சிறுமி தலையாட்டினாள். கடைவாய்ப் பல்லில் ஆழமான சொத்தை. இன்றைக்கு முடியாவிட்டால், பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்ய வேண்டியிருக்கும்.

“மயக்கமெல்லாம் வேணாம் டாக்டர், சமாளிச்சுடுவா. பயப்படாதே செல்லம், அப்பா இருக்கேன்ல?” என்றார் கால்மாட்டில் நின்ற அப்பா.

ஊசி போட்டு ஈறு மரத்ததும், வாய் மூடாமலிருக்க ரப்பர் கட்டையை வைத்து, டாக்டர் பல் குடையும் மிஷினை ஓட்டினார். சிறுமியின் கை உயர்ந்தது. நிறுத்தினார்.

“வலிக்குதா?”

ஆமாம் என்று தலை ஆடியது.

கூரிய கம்பியால் பல்லைக் குத்தினார். “இப்போ?”

இல்லை என்று ஆடியது.

இன்னும் கொஞ்சம் மருந்து ஏற்றினார். மிஷின் ஓடியதும் மறுபடி கை. டாக்டருக்குத் தலை சுற்றியது. குத்தினால் வலிக்காத பல், குடைந்தால் மட்டும் எப்படி வலிக்கும்? சோதித்துப் பார்க்க, மிஷினைப் பல்லில் வைக்காமல் சும்மா காற்றில் ஓட்டினார். அதற்கும் கை உயர்ந்தது!

“சத்தத்துக்கே மிரளுறா சார். ஆஸ்பத்திரிக்குத்தான் எழுதணும் போல” என்றபடி ரப்பர் கட்டையை வெளியே எடுத்தார்.

“நான் ஒண்ணும் மிரளல. பல்லும் வலிக்கல” என்று மரத்த உதட்டால் குழறினாள் சிறுமி. “மிஷின் சத்தம் கேட்டாலே அப்பாதான் என் கால் கட்டைவிரலைப் பிடிச்சு நசுக்குறாரு. அவருக்கும் ஒரு ஊசி போட்டுடுங்களேன் டாக்டர், பாவம்!”