இரண்டு பக்கமும் கமா

முதலில் அவள் கவனித்தது கமாவைத்தான். இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை.

பிறகுதான் படத்தைப் பார்த்தாள்.

கோட்டு போட்டிருந்தார்.

அவர் கோட்டு போட்டு அவள் பார்த்ததில்லை. அவளும் அம்மாவும் இருக்கிற வீட்டுக்கு வருகிற சனிக்கிழமைகளில், வந்த ஐந்தாவது நிமிடமே கைலிக்கு மாறி, பனியனோடு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துவிடுவார். போன சனிக்கிழமைகூட அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். நகவெட்டி கேட்டார். எடுத்துக் கொடுத்தாள்.

சுகவனம். எழுபத்தொரு வயது. செவ்வாய்க்கிழமை காலை காலமானார். புதன்கிழமை தகனம் முடிந்தது.

இன்று வியாழன்.

ஆங்கில நாளிதழ் ஒன்றின் கோவைப் பதிப்பில் அவளுக்குப் பிழைதிருத்துகிற வேலை. ஆறு வருடமாக இரங்கல் விளம்பரங்கள் அவள் கைக்குத்தான் வருகின்றன. அப்பா செத்துப்போனதை அவற்றில் ஒன்றைத் திருத்தும்போதுதான் தெரிந்துகொண்டாள்.

அழுகை வரவில்லை. கண் அந்த வரியை விட்டு நகரவில்லை.

டாக்டராக இருக்கும் மகள், என்பதுபோல ஆங்கிலத்தில் ஒரு வரி. கமா இல்லாமல் எழுதினால், மகள்களில் டாக்டராக இருக்கிறவள் என்று பொருள். அப்படியென்றால் வேறு மகளும் உண்டு. டாக்டர் என்கிற பகுதிக்கு முன்னும் பின்னும் கமா போட்டுவிட்டால், இருப்பதே ஒரு மகள்தான். டாக்டர் என்பது கூடுதல் தகவல். எடுத்துவிட்டாலும் ஒன்றும் குறையாது.

எழுதித் தந்தவர்கள் கமா போடவில்லை.

தெரியாமல்தான் விட்டிருப்பார்கள். ஆனாலும் அந்த வரியை அவள் மூன்று தரம் படித்தாள். பள்ளிக்கூடச் சான்றிதழைத் தவிர, அவருக்குப் பக்கத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது அந்த ஒரு வரியில்தான்.

தலைமைப் பிழைதிருத்துநர் ஆரோக்கியசாமி டீ கிளாசோடு பின்னால் வந்து நின்றார். அவளுடைய அப்பாவுக்கு வெளியூரில் வேலை என்றுதான் அவருக்குத் தெரியும். வரியைப் பார்த்தார். மகள் ஒன்றா இரண்டா என்று அந்த வீட்டில் கேட்டுவிடச் சொன்னார். இல்லாத பெண்ணை உண்டாக்கிவிட்டோம் என்று நாளைக்கு அவர்கள் சண்டைக்கு வந்துவிடக் கூடாது என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

படிவத்தில் இருந்த எண்ணுக்கு மேசைத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டாள்.

ஒரு பெண் எடுத்தாள். பின்னால் நாற்காலிகளை இழுத்துப் போடுகிற சத்தம். யாரோ காபிக்குச் சர்க்கரை கேட்டார்கள்.

நளாயினி பேசுவதாகச் சொன்னாள். டாக்டர் நளாயினி. அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது.

அவள் எல்லா வீடுகளிலும் கேட்பதைப்போலவே கேட்டாள். காலமானவருக்கு மகள் ஒருவர்தானா? விளம்பரத்தில் கமா போட வேண்டியிருக்கிறது, அதற்காகத்தான்.

யார் பேசுவது என்று கேட்டாள் நளாயினி.

அவள் தன் பெயரைச் சொன்னாள். இனிஷியலையும் சேர்த்துச் சொன்னாள். அலுவலகத்தில் யாரும் இனிஷியல் சொல்வதில்லை.

நாற்காலிச் சத்தம் தூரமாகப் போனது. ஒரு கதவு சாத்தப்பட்டது.

எப்படி ஆயிற்று என்ற கேள்வி அவளுக்கு வாய்வரை வந்தது. கஷ்டப்பட்டாரா என்று கேட்க வேண்டும். உதடு பிரிவதற்குள் நளாயினி பேசிவிட்டாள். தொண்டைக்கட்டு போன இடம் தெரியவில்லை. மரியாதை கொஞ்சமும் குறையவில்லை.

"அப்பாவுக்கு ஒரே பொண்ணுதானுங்க. ரெண்டு பக்கமும் கமா போட்டுருங்க. ஒண்ணுகூட விட்டுப்போகக் கூடாது."

வைத்துவிட்டாள்.

அவள் ஒரு கமா போட்டாள். அடுத்ததைப் போட்டாள்.

வேலை முடிந்தது. ஐந்து மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும்.

மேலே இன்னொரு வரி இருந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகள் உடன் வாழ்ந்த மனைவி கோமளவல்லி. அங்கும் கமா இல்லை. அதை ஆரோக்கியசாமி கவனிக்கவில்லை. நளாயினியும் சொல்லவில்லை. அப்படியே விட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. நாற்பத்தைந்து ஆண்டுகள் உடன் வாழ்ந்தவள் ஒருத்தி; சனிக்கிழமை மட்டும் உடன் வாழ்ந்தவள் இன்னொருத்தி. அம்மா ஓரமாக நின்றுகொள்ள அந்த வரியில் இடம் இருந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அம்மாவை உள்ளே விட்டுவிட்டு வெளியே தனியாக நிற்க அவளால் முடியவில்லை.

அங்கும் போட்டாள். இரண்டு பக்கமும்.

பக்கத்தை அனுப்பினாள். பிறகு அதே தொலைபேசியில் அம்மாவைக் கூப்பிட்டாள். சொல்லியாக வேண்டும்.

கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது, இந்த எண் அம்மாவுக்குத் தெரியாது. அப்பா ஒரு நாளும் தன் போனிலிருந்து பேசியவர் இல்லை. டிரைவர் போன், கடைக்காரர் போன், அதுவும் இல்லையென்றால் வழியில் போகிற யாருடையதாவது. தெரியாத எண் என்றால் அம்மாவுக்கு அவர்தான்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"ஏனுங்க, மூணு நாளா ஒரு போனையும் காணோம்? சனிக்கிழமை வந்துருவீங்கல்ல?"